பக்கம் மாறிய காஜா

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தையல் கடையில் யாருடைய சொந்தப் பெயரும் செல்லுபடியாகாது. காலர் தைக்கிறவர் காலர்க்காரர். கை தைக்கிறவர் கைக்காரர். ‘உங்களுக்குக் கொஞ்சம் கைநீளம்’ என்று நாளைக்கு ஒரு தடவையாவது யாராவது சொல்வார்கள், அவரும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார். துணி வெட்டுகிறவர் மாஸ்டர். கடை அவருடையது என்பதால் மட்டும் அல்ல, அவர் கத்தரிக்கோலை எடுத்தாலே துணி பயந்து தானாகப் பிரிந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு இருந்ததாலும்தான் அந்தப் பட்டம். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவரேதான். எல்லாரும் தைத்து முடித்தபிறகு, சட்டையின் முன்பக்கத்தில் பட்டன் நுழைகிற துளைகளைப் போட்டு, பட்டனும் வைத்து அனுப்புகிறவள் காஜாக்கா. அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர்.

மாஸ்டர் மாடியிலிருந்து “காஜா!” என்று கத்தினால், பார்சல் கொண்டுவந்த புது ஆள் மீசை வைத்த ஆண்பிள்ளை யாரோ வரப்போகிறார் என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியும், கழுத்தில் நாடாவில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலுமாக நாற்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து கையெழுத்துப் போடும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் அவள் வேலை ஓட்டை போடுவதுதான். மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் மகள் முத்து முத்தான கையெழுத்தில் ‘துளையிடுதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டு, “உங்கம்மா போர்வெல் கம்பெனியிலயா இருக்காங்க? எங்க வீட்டுக் கிணறு வத்திப்போச்சு, கொஞ்சம் சொல்லி வையேன்” என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டுக் காஜாக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு வராதவர் அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவர், அவளுடைய நாத்தனார். அவரிடம் பிறகு வருவோம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பிரசவத்துக்குப் போன ஒருத்திக்குப் பதிலாக இரண்டு மாதம் பட்டன் வைக்கத்தான் அவள் அந்த மாடிப்படி ஏறினாள். போனவள் திரும்பி வரவில்லை, வந்தவள் திரும்பிப் போகவில்லை. நடுவில் மாஸ்டர் பெரிய மனசு பண்ணி அவளுக்குக் காலர் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அவள் தைத்த முதல் காலரின் ஒரு முனை வடக்கே பார்த்தது, இன்னொரு முனை கிழக்கே பார்த்தது. இரண்டாவது காலரைக் காலர்க்காரர் பத்திரமாக வைத்திருந்து, மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். “உனக்கு ஓட்டைதாம்மா எழுதியிருக்கு” என்று மாஸ்டர் கையை விரித்துவிட்டார். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, காஜா மெஷினுக்குத் திரும்பியபோது சொந்த வீட்டுக்கு வந்ததுபோலத்தான் இருந்தது.

மெஷின் ஜன்னலோரம் இருந்தது. சட்டையை விரித்து, சாக்குக்கட்டியால் அடையாளம் வைத்து, மிதியை அமுக்கினால் ஊசி ஒரு பக்கமாக இறங்கும், முனையில் திரும்பும், மறுபக்கமாக ஏறும். இரண்டு வரிசைத் தையலும் முடிந்தபிறகு நடுவில் கத்தி விழும். டக். அந்த டக்குக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் சரிசெய்யலாம். காலர் கோணினால் பிரிக்கலாம், கை ஏறாவிட்டால் பிரிக்கலாம், பாக்கெட்டைப் பத்துத் தடவை பிரித்துப் பத்துத் தடவை வைக்கலாம். கத்தி விழுந்த துளையை மட்டும் யாராலும் பிரிக்க முடியாது. அத்தனை பேருடைய உழைப்பும் கடைசியில் அவள் காலடியில் வந்து நிற்கும். அவளுடைய பயமும் அதுதான், கர்வமும் அதுதான். மிதியை அமுக்குமுன் துணியைக் கட்டைவிரலால் ஒரு தரம் நீவிவிட்டு “ம்” என்பாள். யாரிடம் உத்தரவு கேட்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. காஜா விழுகிறவரைக்கும் அது வெறும் துணி, விழுந்தபிறகுதான் சட்டை என்பது அவள் கட்சி. கத்தரிக்கோல் பட்டவுடனேயே அது சட்டை என்பது மாஸ்டர் கட்சி. இருபத்திரண்டு வருஷமாக இந்த வழக்கு தீரவில்லை.

கடையைப் பூட்டினாலும் வேலை அவளை விடாது. பஸ்ஸில் எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், சட்டையின் முன்னால் காஜா வரிசை ஓடும் நடுப்பட்டியைத்தான் பார்ப்பாள். ஒரு தடவை பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒருவருடைய காஜாவிலிருந்து நூல் ஒன்று நீண்டு ஆடிக்கொண்டே வந்தது. மூன்று நிறுத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். நாலாவது நிறுத்தத்தில் கழுத்துக் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டாள். கண்ணைத் திறந்த மனுஷன் தன் நெஞ்சுக்கு நேரே கத்தரிக்கோலைப் பார்த்து அலறிய அலறலில் டிரைவர் பிரேக் போட்டார். பின் இருக்கையில் இருந்த அவள் வீட்டுக்காரர், இந்த அம்மா யாரோ எவரோ என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. நாலு மாடி ரெடிமேட் துணிக்கடை ஒன்றில் மேலாளர். மனசில் ஒன்றும் கிடையாது, வாய் மட்டும் ஆளுக்கு நாலடி முன்னால் போகும். தம்பி பெண்டாட்டி ஓட்டை போட்டுப் பிழைக்கிறாள் என்பது அவருக்குப் பல வருஷத்து மனக்குறை. அந்த வாரம் ஒரு நல்ல செய்தியோடு வீட்டுக்கு வந்தார்.

“வாசல்லயே மேஜை. ஏசி. சுத்துற நாற்காலி. உள்ள வர்றவங்ககிட்ட ‘வணக்கம், ஆண்களுக்கு ரெண்டாவது மாடி, பெண்களுக்கு மூணாவது மாடி’ன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. கழுத்துல அடையாள அட்டை தொங்கும். இப்ப என்ன தொங்குது பாரு, கத்தரிக்கோல்!”

“இல்ல அண்ணி, எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு.”

“ஓட்டை போடறதுல என்னடி பிடிக்கிறதுக்கு இருக்கு?”

காஜாக்கா கழுத்துக் கத்தரிக்கோலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நாத்தனார் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு, திங்கக்கிழமை வந்து உக்காரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு ஆசையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாயங்காலம் ஆனால் மிதி அமுக்கிய காலில் நரம்பு இழுக்கும். சுற்றுகிற நாற்காலியில் அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பல் டாக்டரிடம்தான் உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் அந்த டாக்டர் பார்க்காதபோது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. என்னதான் இருக்கிறது இதில்? இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி ஊருக்கெல்லாம் ஓட்டை போட்டாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அறுபது வெள்ளைச் சட்டை. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆண்கள் சட்டையில் காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். பெண்கள் சட்டையில் நேர் எதிர். ஏன் இப்படி என்று மாஸ்டரைக் கேட்டால் கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி ஒரு கதை சொல்வார், எதையும் நம்ப வேண்டியதில்லை. உலகத்துத் தையல்காரர்கள் எல்லாம் அப்படித்தான் தைக்கிறார்கள், அவ்வளவுதான். அறுபதுமே வலப்பக்கக் காஜா என்பதால் அவள் கைக்கு அன்று யோசனையே தேவைப்படவில்லை. விரி, நீவு, ம், டக். அந்தக் குவியலின் மேல் மாஸ்டர் இன்னொரு வெள்ளைச் சட்டையை வைத்து, “கணக்கு வாத்தியாரோடது, நாளைக்கு வாங்க வர்றாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். “சரி மாஸ்டர்” என்றும் சொன்னாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது.

“என்னடி முடிவு பண்ணின?”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, “சாயங்காலம் சொல்றேன் அண்ணி, கை வேலையா இருக்கேன்” என்றாள். கை வேலையாகத்தான் இருந்தது. நாத்தனார் ஏசியைப் பற்றி இன்னும் ஒரு தரம் சொல்லி முடிக்கிறதற்குள் ஏழு டக் விழுந்துவிட்டது. போனை வைத்துவிட்டுச் சட்டையைத் திருப்பினாள். விரலில் பாக்கெட் தட்டியது.

பெண்கள் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். காலர்ப் பட்டையில் ஒன்று, கீழே ஆறு, ஏழும் ஒரு நூல் பிசகாமல் வலப்பக்கத்தில் வரிசையாக நின்றன. அவள் கையிலிருந்து அவ்வளவு அழகான காஜா அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை என்று தோன்றியது, அது வேறு வயிற்றெரிச்சல்.

“மாஸ்டர்” என்றாள். காலர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார், கைக்காரர் மெஷினை நிறுத்தினார். மாஸ்டர் வந்து சட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், யாரோ தன்னைக் கிள்ளிவிட்டதுபோல அவளைப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தான்.”

“நான் அந்தக் குவியல் மேல வெச்சதுதான் தப்பு.”

“நீங்க சொல்லிட்டுத்தான் வெச்சீங்க. நானும் சரின்னேன். கண்ணு ரெண்டும் என்னோடதுதானே மாஸ்டர்.”

மாஸ்டர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. வெட்டிய துணியில் மிச்சம் கைக்குட்டைக்குக்கூடக் காணாது, வேறு வெள்ளைத் துணி எடுத்து நாளைக்குச் சாயங்காலத்துக்குள் புதுசாகத் தைத்துவிடலாம் என்றார். “ஆனா ஆளை ஒருக்கா இதைப் போடச் சொல்லிப் பாக்கணும். உடம்பு சரியில்லாம இருந்த மனுஷன், வலது தோள் இறங்கியிருக்கு. அளவு சரியா வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்ததை வெட்டுவேன்.”

“அவருகிட்ட நானே சொல்லிடறேன்” என்றாள் காஜாக்கா. தப்பான சட்டையானாலும் பட்டன் இல்லாமல் விட மனசு வரவில்லை. இடப்பக்கத்தில் ஏழு பட்டனையும் வைத்து, நூலை முடிந்து, மடித்து வைத்தாள். சாயங்காலம் படி இறங்கும்போதே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“வர்றேன் அண்ணி. திங்கக்கிழமை.”

“இப்பத்தான் புத்தி வந்திருக்கு!” என்று அந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம். இந்தப் பக்கம் அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கணக்கு வாத்தியார் மனைவியோடு வந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. காலும் பேச்சும் திரும்பிவிட்டன, கை மட்டும் இன்னும் பக்கத்தில் சும்மா தொங்கியது. திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகிறார், அதற்குத்தான் இந்தப் புதுச் சட்டை. இடக்கையால் கரும்பலகையில் எழுத வீட்டுச் சுவரிலேயே பழகிவிட்டாராம். “சுவர் முழுக்க அல்ஜீப்ரா. வெள்ளையடிச்சது வீணாப்போச்சு” என்று மனைவி சொன்னார். சொல்லிவிட்டு, கீழே மாத்திரை வாங்கிவந்துவிடுகிறேன் என்று இறங்கிப் போனார்.

காஜாக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், உங்க சட்டைய நான் கெடுத்துட்டேன். காஜா பக்கம் மாறிடுச்சு. பொம்பளைங்க சட்டை மாதிரி ஆயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள மாஸ்டர் புதுசு தச்சுக் குடுத்துடுவாரு. இதை ஒருக்கா மட்டும் அளவுக்காகப் போட்டுக் காட்டுங்க. மன்னிச்சிடுங்க.”

வாத்தியார் கோபப்படவில்லை. “அதனால என்னம்மா. இந்த வருஷம் எனக்கு எல்லாமே பக்கம் மாறித்தான் நடக்குது” என்று சொல்லிவிட்டு, சட்டையை இடக்கையில் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

போனவர் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். “சார், கை மாட்டிக்கிச்சா? வரட்டுமா?” என்று கேட்டார். உள்ளேயிருந்து, “வேண்டாம், வேண்டாம்” என்று அவசரமாகக் குரல் வந்தது. நான் செய்த அலங்கோலத்தில் அந்த மனுஷன் உள்ளே சிக்கிக்கொண்டு தவிக்கிறாரே என்று காஜாக்கா கையைப் பிசைந்தாள்.

திரை விலகியது. வாத்தியார் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டையில் கீழிருந்து ஐந்து பட்டன் போட்டிருந்தது. ஆறாவதை இடக்கை பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கட்டைவிரல் பட்டனின் ஓரத்தைத் துளைக்குள் தள்ளியது, நழுவியது, மறுபடி தள்ளியது. பட்டன் நுழைந்தது.

“இந்தச் சட்டையில என்னம்மா பண்ணியிருக்கீங்க?” என்றார்.

“பக்கம் மாத்திட்டேன் சார்” என்றாள் அவள், அழுகிற குரலில்.

“அதான் கேக்கறேன். எட்டு மாசமா இடது கையை இப்படிக் குறுக்கே கொண்டுவந்து, மணிக்கட்டை மடக்கி, அந்தப் பக்கம் இருக்கிற பட்டனைத் தேடிட்டிருந்தேன். கை அங்க போனாலே விரலுக்குப் பிடிமானம் இருக்காது. இதுல பட்டன் என் கைப் பக்கமே நிக்குது! கையில கோளாறு இல்லம்மா, கணக்கையே தலைகீழாப் போட்டிருக்கோம்!” கடையில் இருந்த எல்லாரையும் வகுப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “புரியுதா?”

“புரியுது சார்” என்று மாஸ்டர், காலர்க்காரர், கைக்காரர் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்போதுதான் மாத்திரைப் பையோடு மனைவி மேலே வந்தார். வாசலிலேயே நின்றார். கண் சட்டையின் மேல் போயிற்று. “யாரு போட்டு விட்டது?” என்று கேட்டார். கேட்ட வேகத்தில் மாஸ்டர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார்.

“நான்தான்” என்றார் வாத்தியார்.

“விளையாடாதீங்க.”

வாத்தியார் மேல் பட்டனைக் கழற்றினார். கழற்றிவிட்டு மறுபடி போட்டார். நேரம் எடுத்தது. அந்த அம்மா பக்கத்தில் இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “தினம் காலையில நான் பட்டன் போடும்போது கூரையைப் பாத்துட்டு நிப்பாரு. எட்டு மாசமா ஒருநாள்கூட என் முகத்தைப் பாத்தது கிடையாதுங்க” என்று காஜாக்காவிடம் சொன்னார். காஜாக்காவும் அழுதாள். அழுகிறவர்களுக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாத காலர்க்காரர், தன்னிடம் பத்திரமாக இருந்த அந்தப் பழைய காலரை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதே மாதிரி இன்னும் நாலு சட்டை வேணும்” என்றார் வாத்தியார். “இதே மாதிரித் தப்பா.”

மாஸ்டருக்குத்தான் கஷ்டம். முப்பத்தைந்து வருஷத்தில் ஆண்பிள்ளைச் சட்டையை வேண்டுமென்றே பக்கம் மாற்றித் தைக்க யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆர்டர் சீட்டில் எப்படி எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்து, கடைசியில் ‘ஆண் சட்டை நாலு, காஜாக்கா பக்கம்’ என்று எழுதினார். அதைப் படித்தபோது அவளுக்கு உச்சந்தலை குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தன் கையால் விழுந்த துளைகளின் வழியாக யார் யாரோ காலையில் விரலை விட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். அவள் எதையும் பார்த்ததில்லை. இன்றைக்கு ஒன்றைப் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கையில் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் நல்ல சேலை ஒன்று, நாளைக்கு மேஜையில் உட்காருவதற்கு.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நான் வரலை.”

“என்னடி இது? வெள்ளிக்கிழமை வர்றேன்ன!”

“வெள்ளிக்கிழமை ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதனால வர்றேன்னு சொன்னேன். நேத்து அது தப்பில்லைன்னு ஆயிடுச்சு.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி, பஸ்ஸில் செய்த மாதிரியே, ஜன்னல் பக்கம் பார்த்தார். காஜாக்கா வாத்தியார் கதையை முதலிலிருந்து சொன்னாள். திரைக்குப் பின்னால் போனவர் வராத இடம் வந்தபோது நாத்தனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வாத்தியார் மனைவி முக்காலியில் உட்கார்ந்த இடம் வந்தபோது மூக்கை உறிஞ்சினார். கதை முடிந்தபிறகு, கேட்டதற்கு வெட்கப்பட்டதுபோல விறைப்பாக நிமிர்ந்துகொண்டார்.

“என்ன பிடிச்சிருக்குன்னு கேட்டீங்களே அண்ணி. சட்டையில எல்லாரும் துணியை வெச்சு வேலை செய்யறாங்க. நான் துணி இல்லாத இடத்தைச் செய்யறேன். அந்த இடம் சரியா இருந்தாத்தான் மனுஷன் சட்டையைப் போட முடியும். எனக்கு அது பிடிச்சிருக்கு.”

நாத்தனார் சேலைப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“சரி, சேலையை வெச்சுக்கோ” என்றார். “ஆனா யாராவது கேட்டா நீ டெய்லர்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லிக்கோங்க.”

“ஏசி இல்லாம சாகு.”

“ஜன்னல் இருக்கு அண்ணி.”

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கடையைத் திறந்து காஜாக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். வாத்தியாரும் மனைவியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஏறி வந்திருக்கிறார்கள். புதுச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, இடக்கையில் பையோடு வாத்தியார் வாசலில் நின்றார்.

“இன்னிக்கு அஞ்சரைக்கே எழுந்துட்டேன். நானே போட்டேன். அவங்களை ரூமுக்குள்ளயே விடலை” என்றார்.

காஜாக்காவின் கண் வழக்கம்போல முகத்துக்குப் போகாமல் நடுப்பட்டிக்குப் போயிற்று. இரண்டாவது பட்டன் மூன்றாவது காஜாவில் இருந்தது. அங்கிருந்து கீழே எல்லாமே ஒன்று ஒன்றாகத் தள்ளிப்போய், அடியில் ஒரு பட்டன் துளை கிடைக்காமல் தனியாகத் தொங்க, கழுத்துக்குக் கீழே துணி புடைத்துக்கொண்டு நின்றது. அவள் கை தானாக எழுந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் சட்டையிலேயே கத்தரிக்கோல் வைத்த கை அது. வாத்தியாருக்குப் பின்னால் நின்ற மனைவி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். அந்த அம்மாவின் கண் சிரித்துக்கொண்டிருந்தது.

காஜாக்கா எழுந்த கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் வாயைத் திறப்பது தெரிந்தது. பக்கத்தில் நகர்ந்து அவர் கால்விரலை நன்றாக மிதித்தாள். மிதி அமுக்கிப் பழகிய கால், மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார். மனைவி பின்னாலேயே போனார். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி மறைகிறவரைக்கும் மாஸ்டர் காலைத் தடவிக்கொண்டே காத்திருந்தார்.

“ஏம்மா, ஒரு பட்டன் மாறிக் கிடக்கே, நீ பாக்கலையா?”

“வந்த உடனே பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லலை? ஸ்கூல்ல பசங்க பாத்துட்டு ‘சார், பட்டன்’னு சொல்லிடுவாங்களே?”

“சொல்லட்டும் மாஸ்டர்” என்றாள் காஜாக்கா, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அடுத்த சட்டையை விரித்தபடி. “அவரே கழட்டி, அவரே போட்டுக்குவாரு.”